வீணாக எரிக்கப்படும் இயற்கை எரிவாயுவை டீசலாக மாற்றலாமா? நம் ராணிப்பேட்டைப் பக்கத்து வாயுவுக்கு அது பொருந்துமா?

கேள்வி: பாய்லர் பணியாளர், ராணிப்பேட்டை

அனைவருக்கும் வணக்கம். நான் ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் பாய்லர் இயக்கும் பணியில் இருக்கிறேன். அதற்கு முன்பு நான்கு ஆண்டுகள் இராக்கின் தென்பகுதியில், பஸ்ராவை அடுத்த எண்ணெய் வயல் ஒன்றில் குழாய் பொருத்தும் வேலை பார்த்தேன். அங்கே இரவு ஒருநாளும் முழுதாக இருட்டியதில்லை. எங்கள் தங்குமிடத்திலிருந்து பார்த்தால் ஏழெட்டு இடங்களில் வாயு எரிந்துகொண்டே இருக்கும். காற்று எங்கள் பக்கம் திரும்பினால் கண் எரியும், காயப்போட்ட துணியில் கரி படியும். ஊரில் என் தாயார் ஒரு சமையல் சிலிண்டரை ஐம்பது நாள் வரை சிக்கனமாக ஓட்டுவார். அதை நினைத்துக்கொண்டு அந்தத் தீயைப் பார்த்தபடி நின்ற இரவுகள் பல.

இப்போது நான் வேலை செய்யும் இடத்தில் பாய்லருக்குச் சீமைக்கருவேல விறகுதான் எரிபொருள். எங்களுக்குப் பக்கத்தில் உள்ள கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேற்றிலிருந்து வரும் வாயுவில் ஒரு பகுதியைக் குழாய் வைத்து எரித்துவிடுகிறார்கள். மீதி திறந்த தொட்டிகளிலிருந்து அப்படியே காற்றில் கலக்கிறது. அண்மையில் ஒரு நண்பர், வீணாகும் எரிவாயுவைத் தூய டீசலாகவே மாற்றிவிடும் தொழில்நுட்பம் உலகில் பல இடங்களில் நடைமுறையில் இருப்பதாகச் சொன்னார். அது உண்மையானால், பஸ்ராவில் அதை ஏன் செய்யவில்லை? அப்படிக் கிடைக்கும் எரிபொருள் உண்மையிலேயே தூய்மையானதா, அல்லது புகை வேறு இடத்துக்கு மாறுகிறதா? எல்லாவற்றுக்கும் மேலாக, நம் பகுதியில் கிடைக்கும் இந்தச் சிறிய அளவு வாயுவுக்கு அது பொருந்துமா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற வேதிப்பொறியாளர், காட்பாடி

தம்பி, நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் விடை ஒன்றையொன்று சார்ந்தது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பஸ்ராவில் நீங்கள் பார்த்தது, கச்சா எண்ணெயோடு சேர்ந்து மேலே வரும் வாயு. நிலத்துக்கடியில் அழுத்தத்தில் எண்ணெயில் கரைந்திருக்கும் இந்த வாயு, எண்ணெய் மேலே வந்து அழுத்தம் குறைந்தவுடன் சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் பிரிந்துவிடுகிறது. கிணறு தோண்டியவருக்கு வேண்டியது எண்ணெய். வாயுவைப் பிடித்து, நீரையும் கந்தகத்தையும் நீக்கி, அழுத்தி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் குழாயில் அனுப்பும் செலவு, அந்த வாயுவை விற்றுக் கிடைக்கும் தொகையைவிட அதிகமாகும் இடங்களில் அவர் அதை எரித்துவிடுகிறார். உலக வங்கியின் கணக்குப்படி 2023-ஆம் ஆண்டில் மட்டும் இவ்வாறு உலகெங்கும் எரிக்கப்பட்டது ஏறத்தாழ 14,800 கோடி கன மீட்டர். இந்தியா முழுவதும் ஓராண்டில் பயன்படுத்தும் இயற்கை எரிவாயுவைப் போல் இரு மடங்குக்கும் மேல் அது. வழக்கமான எரிப்பை 2030-க்குள் நிறுத்த வேண்டும் என்று 2015-இல் உலக வங்கியும் ஐக்கிய நாடுகள் அவையும் தொடங்கிய முயற்சியில் பல அரசுகளும் எண்ணெய் நிறுவனங்களும் சேர்ந்திருக்கின்றன. ஆனாலும் அளவு எதிர்பார்த்தபடி குறையவில்லை. பஸ்ராவிலேயே 2013 முதல் ருமைலா, சுபைர், மேற்கு குர்னா வயல்களின் வாயுவைப் பிடித்து மின்சாரத்துக்கும் சமையல் வாயுவுக்கும் பயன்படுத்தும் பணி நடக்கிறது. நீங்கள் கண்டது அதில் இன்னும் சேராத மீதி.

இனி டீசலாக மாற்றுவது. உங்கள் நண்பர் சொன்னது உண்மைதான், புதிதும் அன்று. 1925-இல் ஜெர்மனியின் மூல்ஹைம் நகரில் பிரான்ஸ் பிஷர், ஹான்ஸ் டிராப்ஷ் என்ற இரு வேதியியலாளர்கள் கண்டறிந்த முறை அது. முதலில் மீத்தேனை நீராவியோடு சேர்த்து, 800 முதல் 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நிக்கல் வினையூக்கியின் மீது செலுத்தினால், கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த ஒரு வாயு கிடைக்கும். அந்தக் கலவையை 200 டிகிரிக்குச் சற்று மேற்பட்ட வெப்பத்தில் கோபால்ட் அல்லது இரும்பு வினையூக்கியின் மீது செலுத்தினால், கார்பன் அணுக்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீண்ட சங்கிலிகளாகி மெழுகாக வெளிவரும். மெழுகை ஹைட்ரஜனோடு சேர்த்து உடைத்தால் டீசல் கிடைக்கும். முதல் படியை நான் நன்கு அறிவேன். அமோனியா தயாரிக்கும் உர ஆலையில் அதே வகை உலைக்குப் பக்கத்தில்தான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. அந்த உலை கந்தகத்தைப் பொறுக்காது. ஒருமுறை கந்தகம் நீக்கும் துத்தநாக ஆக்சைடு படுகையை மாற்றுவதில் தாமதம் ஏற்பட்டு, சில நாள்களிலேயே விலையுயர்ந்த வினையூக்கி செயலிழந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். அதை நினைவில் வையுங்கள். உங்கள் மூன்றாவது கேள்விக்கு அது தேவைப்படும்.

அதே கலவை வாயுவிலிருந்து வேறு கிளைகளும் பிரிகின்றன. செம்பும் துத்தநாகமும் கலந்த வினையூக்கியைப் பயன்படுத்தினால் மெத்தனால் கிடைக்கும். அஸ்ஸாமின் நாம்ரூப்பில் இயற்கை எரிவாயுவிலிருந்து பல ஆண்டுகளாக மெத்தனால் தயாரிக்கிறார்கள். 2022-இல் அதே மாநிலத்தின் தின்சுகியாவில் 15 விழுக்காடு மெத்தனால் கலந்த பெட்ரோலைச் சோதனையாக விற்பனைக்கும் கொண்டுவந்தார்கள். மெத்தனாலிலிருந்து நீரை நீக்கினால் டைமெத்தில் ஈதர். அது சமையல் வாயுவைப் போல் மிதமான அழுத்தத்திலேயே திரவமாகும். அதன் மூலக்கூறில் கார்பனோடு கார்பன் நேரடியாக இணையாததால் டீசல் எஞ்சினில் எரித்தாலும் கரிப்புகை ஏறத்தாழ இராது. என் சொந்தக் கருத்தைக் கேட்டால், டீசலைக் காட்டிலும் இந்தக் கிளையே நம் நாட்டுக்குக் கூடுதல் பயன் தரும்.

தூய்மையா என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு. வண்டியின் புகைக்குழாயைப் பொறுத்தவரை, ஐயமின்றித் தூய்மையானது. வாயுவிலிருந்து செய்த டீசலில் கந்தகம் இல்லை என்றே சொல்லலாம், புகையை மிகுவிக்கும் நறுமண வளையச் சேர்மங்களும் இல்லை. டீசல் எவ்வளவு எளிதாகத் தீப்பற்றும் என்பதைக் காட்டுவது சீட்டேன் எண்; நம் நாட்டு பிஎஸ்-6 தர விதிப்படி அது குறைந்தது 51 இருக்க வேண்டும் என்றால், இதில் 70-ஐத் தாண்டும். ஆனால் கரியமில வாயுக் கணக்கு வேறு. ஒரு பீப்பாய் திரவம் பெற ஏறத்தாழ 10,000 கன அடி, அதாவது 283 கன மீட்டர் வாயு செலவாகிறது. ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். ஒரு கன மீட்டர் வாயுவில் உள்ள ஆற்றல் ஏறக்குறைய ஒரு லிட்டர் டீசலுக்குச் சமம் என்பதால், உள்ளே போகும் ஆற்றலில் 40 விழுக்காட்டுக்கு மேல் ஆலையிலேயே கரைந்துவிடுகிறது என்று கொள்ளலாம். உள்ளே போன கார்பன் எங்கும் மறைவதில்லை. ஒரு பகுதி ஆலையின் புகைபோக்கி வழியாகவும், மீதி லாரியின் புகைக்குழாய் வழியாகவும் வெளியேறுகிறது. எரித்து வீணாக்கியிருந்தாலும் அதே கார்பன் வெளியேறியிருக்கும். அப்படியானால் லாபம் எங்கே என்றால், அந்த ஒரு லிட்டருக்குப் பதிலாகக் கச்சா எண்ணெயிலிருந்து எடுத்திருக்க வேண்டிய ஒரு லிட்டர் டீசல் எரிக்கப்படாமல் மிஞ்சுகிறது. அது ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு. ஆகவே, எரிந்து வீணாகும் வாயுவை டீசலாக்கினால் உண்மையான லாபம் உண்டு. குழாயில் வீட்டுக்கும் ஆலைக்கும் அனுப்ப வாய்ப்புள்ள வாயுவை டீசலாக்கினால் நட்டமே.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். கோபுரத்தில் எரிக்கப்படும் வாயு முழுதாக எரிகிறது என்பது நம்பிக்கை மட்டுமே. 98 விழுக்காடு எரிவதாகத்தான் நெடுங்காலம் கணக்கிட்டு வந்தார்கள். அமெரிக்காவின் மூன்று எண்ணெய்ப் பகுதிகளில் விமானத்திலிருந்து அளந்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில் 91 விழுக்காடுதான் என்று தெரியவந்தது. எரியாமல் தப்பும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 28 மடங்கும், இருபதாண்டுக் கணக்கில் 80 மடங்குக்கு மேலும் வெப்பத்தைப் பிடித்துவைப்பது. அந்தக் கரி படிந்த துணி உங்களுக்கு உணர்த்தியதும் இதன் ஒரு பகுதியைத்தான்.

மூன்றாவது கேள்விக்கு அளவுதான் விடை. நைஜீரியாவின் எஸ்க்ராவோஸ் ஆலை, வீணாக எரிந்த வாயுவையும் உட்கொள்ளும் நோக்கத்தோடு கட்டப்பட்டு 2014-இல் உற்பத்தியைத் தொடங்கியது. நாளொன்றுக்கு 32.5 கோடி கன அடி வாயுவை உட்கொண்டு 33,000 பீப்பாய் தரும் திறன் கொண்ட அந்த ஆலைக்கு ஆன செலவு, தொடக்க மதிப்பீட்டைப் போல் பல மடங்காகி, சுமார் 1,000 கோடி டாலரை எட்டியது. கத்தாரின் பெர்ல் ஆலை இன்னும் பெரிது: நாளொன்றுக்கு 1,40,000 பீப்பாய். சிறிய அளவில் செய்து பார்க்கவும் முயன்றிருக்கிறார்கள். அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் குப்பைமேட்டு வாயுவையும் இயற்கை எரிவாயுவையும் கொண்டு இயங்கிய சிறு ஆலை 2017-இல் உற்பத்தியைத் தொடங்கி, மறு ஆண்டே நிறுத்தப்பட்டது. சிறிய உலை செய்வது கடினமன்று. அதற்கு முன்னும் பின்னும் தேவைப்படும் சுத்திகரிப்பு, ஆக்சிஜன், ஹைட்ரஜன், குளிர்விப்பு ஆகியவை உலையோடு சேர்ந்து சிறிதாவதில்லை என்பதே சிக்கல்.

பதில் 2: லாரி உரிமையாளர், ஆம்பூர்

ஐயா எழுதியதைப் பயன்படுத்துவோர் தரப்பிலிருந்து சற்று நிறைவு செய்கிறேன். என்னிடம் உள்ள ஐந்து வண்டிகளில் இரண்டு சிஎன்ஜியில், அதாவது அழுத்திய இயற்கை எரிவாயுவில், ஓடுபவை. வாயுவை வாயுவாகவே வண்டியில் ஏற்றலாம் என்னும்போது, அதைத் திரவமாக்கப் பாதி ஆற்றலை ஏன் இழக்க வேண்டும் என்பதே என் கேள்வியும்.

ஆயினும் வாயுவுக்கும் குறைகள் உண்டு. 200 பார் அழுத்தத்தில் நிரப்பினாலும் அது டீசலைவிட நான்கு மடங்கு இடத்தைப் பிடிக்கும், சிலிண்டரின் எடையால் சரக்கு குறையும், மூன்றாண்டுக்கு ஒருமுறை சிலிண்டரை நீரழுத்தச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். வாயு நிரப்பும் பங்கில் அழுத்தம் இறங்கிய நேரத்தில் போனால் முக்கால் அளவுதான் ஏறும். சென்னை, பெங்களூரு நெடுஞ்சாலையில் இப்போது பங்குகள் கூடியிருப்பதால் சமாளிக்கிறோம். ஆம்பூரிலிருந்து ஜவ்வாதுமலைப் பக்கம் அனுப்பும் வண்டிக்கு நான் இன்னும் டீசலைத்தான் நம்புகிறேன். ஆகவே தொலைவான, பங்கு இல்லாத இடங்களுக்குத் திரவ எரிபொருளின் தேவை தீர்ந்துவிடவில்லை.

பதில் 3: கழிவுநீர் நிலையப் பணியாளர், மேல்விஷாரம்

பாய்லர் அண்ணனுக்கு வணக்கம். நீங்கள் சொல்லும் வாயுவோடு தினமும் பழகுபவன் என்பதால் எழுதுகிறேன்.

எண்ணெய் வயல் வாயுவையும் தோல் கழிவு வாயுவையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. சாணத்திலோ குப்பையிலோ வரும் உயிர்வாயுவை (பயோகேஸ்) போலவே இதிலும் பாதிக்குச் சற்று மேல்தான் மீத்தேன், மீதி பெரும்பாலும் கரியமில வாயு. ஆனால் நம் தொழிலில் மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுகிறோம், பதனிடும்போது சல்பேட் உப்புகள் சேர்கின்றன. காற்றில்லாத தொட்டியில் இவை எல்லாம் ஹைட்ரஜன் சல்பைடாக மாறிவிடும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் இந்த வாயு, செறிவு கூடினால் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றதும் ஆபத்து நீங்கிவிட்டதாக எண்ணி உள்ளே இறங்குபவர் அங்கேயே விழுகிறார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுகிறார். நம் மாவட்டத் தோல் தொழிலில் இப்படிப் போன உயிர்கள் எத்தனை என்பதை இங்குள்ள ஒவ்வொரு தெருவும் அறியும். ஆகவே எந்தத் திட்டம் பேசினாலும், முதலில் அந்தத் தொட்டிகள் மூடப்பட வேண்டும், வாயு குழாய்க்குள் வர வேண்டும், ஆள் இறங்கும் தேவையே இல்லாமல் சேற்றை எடுக்க வேண்டும். எரிபொருள் அதற்குப் பிறகுதான்.

காட்பாடி ஐயா சொன்ன கந்தகச் சிக்கல் இங்கே பல மடங்கு. அவருடைய உலைக்கு வரும் வாயுவில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூடக் கந்தகம் இருக்கக் கூடாது என்றால், நம்முடையதில் சில ஆயிரம் பங்கு இருக்கும். இரும்புத் துரு நிரப்பிய கோபுரம், காரநீரால் கழுவுதல் ஆகிய வழிகளில் பாய்லருக்கும் எஞ்சினுக்கும் ஏற்ற அளவுக்குக் குறைத்துவிடலாம். டீசல் தயாரிக்கும் வினையூக்கிக்கு ஏற்ற அளவுக்குக் குறைப்பது வேறு செலவு.

பாய்லர் பணியாளர், ராணிப்பேட்டை

மூவருக்கும் நன்றி. ஐயா, உங்கள் 283 கன மீட்டர் கணக்கை வைத்து நானும் ஒன்று போட்டுப் பார்த்தேன், சரியா என்று சொல்லுங்கள். ஒரு பேச்சுக்கு, பக்கத்து நிலையத்தில் நாளொன்றுக்கு 500 கன மீட்டர் உயிர்வாயு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 60 விழுக்காடு மீத்தேன் என்றால் 300 கன மீட்டர். எல்லாவற்றையும் டீசலாக்கினால் ஒரு நாளுக்கு ஒரு பீப்பாயை ஒட்டித்தான் வருகிறது. அதே வாயுவை என் பாய்லரில் நேரடியாக எரித்தால் எவ்வளவு விறகு மிஞ்சும்?

ஓய்வுபெற்ற வேதிப்பொறியாளர், காட்பாடி

கணக்கு சரி, தம்பி. 33,000 பீப்பாய் ஆலையே செலவுக்குத் திணறும்போது ஒரு பீப்பாய்க்கு ஆலை கட்ட முடியாது.

பாய்லர் கணக்கு இதோ. 60 விழுக்காடு மீத்தேன் உள்ள ஒரு கன மீட்டர் உயிர்வாயுவில் ஏறத்தாழ 21 மெகாஜூல் வெப்பம் உண்டு. வாயு பாய்லர் அதில் 85 விழுக்காட்டை நீராவிக்குக் கொடுக்கும் என்றால் 18 மெகாஜூல். காய்ந்த விறகில் கிலோவுக்கு 15 மெகாஜூல், விறகு பாய்லரின் திறன் 65 விழுக்காடு என்று கொண்டால், நீராவிக்குச் சேர்வது 10-க்குச் சற்றுக் குறைவு. ஆக, ஒரு கன மீட்டர் வாயு ஏறக்குறைய 1.8 கிலோ விறகுக்கு ஈடு. 500 கன மீட்டரில் நாளொன்றுக்கு 900 கிலோ விறகு மிஞ்சும். ஈர விறகாக இருந்தால் இன்னும் கூடுதல். எஞ்சினில் கொடுத்து மின்சாரம் எடுத்தால் சுமார் 900 முதல் 1,000 யூனிட் கிடைக்கும். அந்த நிலையத்தின் காற்றூட்டும் இயந்திரங்கள் இரவு பகலாக ஓடுபவை என்பதால், மின்சாரம் அங்கேயே செலவாகிவிடும்.

இன்னொரு கணக்கையும் நீங்கள் பார்க்க வேண்டும். அந்த 300 கன மீட்டர் மீத்தேன் எரியாமல் காற்றில் கலந்தால், சுமார் 200 கிலோ எடையுள்ள அது, நூறாண்டுக் கணக்கில் ஐந்தரை டன் கரியமில வாயுவுக்குச் சமமான கெடுதலை ஒவ்வொரு நாளும் செய்கிறது. எரித்தால் அரை டன்னை ஒட்டிய கரியமில வாயுதான். எனவே திறந்த தொட்டியை மூடுவது முதல் படி, குழாயில் எரிப்பது அடுத்தது, அந்தத் தீயைப் பாய்லருக்குள் கொண்டுவருவது அதற்கும் அடுத்தது. நிலையங்கள் பல சேர்ந்து வாயு கணிசமாகக் கூடினால், கரியமில வாயுவை நீக்கி 90 விழுக்காட்டுக்கு மேல் மீத்தேன் ஆக்கி, ஆம்பூர் நண்பரின் லாரிக்கே சிஎன்ஜியைப் போல் நிரப்பலாம். 2018 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய சதத் திட்டத்தில், அவ்வாறு அழுத்திய உயிர்வாயுவை எண்ணெய் நிறுவனங்கள் வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது.

எண்ணெய் வயல் வாயுவுக்கும் இதே நியாயம் பொருந்தும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. காவிரிப் படுகையில் சிறு சிறு வயல்களில் கிடைத்த வாயுவை நெடுந்தொலைவு கொண்டுபோகாமல், குத்தாலத்திலும் கோவில்களப்பாலிலும் தலா 100 மெகாவாட்டை ஒட்டிய அரசு மின்நிலையங்களை அமைத்து, கிடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மின்சாரமாக்கினார்கள்.

கழிவுநீர் நிலையப் பணியாளர், மேல்விஷாரம்

அண்ணா, உங்கள் பக்கத்து நிலையத்திலிருந்து பாய்லர் கூடத்துக்கு எவ்வளவு தொலைவு என்று எழுதுங்கள். 300 மீட்டருக்குள் என்றால் குறைந்த அழுத்தக் குழாயும் ஓர் ஊதியும் போதும். குழாய் தாழும் இடங்களில் நீர் தேங்கி வாயுவை அடைத்துவிடும். ஆகவே சரிவாகப் போட்டு, தாழ்ந்த முனையில் நீர் வடிக்கும் பொறி வைக்க வேண்டும். பாய்லரின் புகைபோக்கிப் பக்கத்து வெப்பம் மிகவும் இறங்கினால் கந்தகம் அமிலமாகித் தகட்டை அரிக்கும், அதையும் கவனியுங்கள்.

பாய்லர் பணியாளர், ராணிப்பேட்டை

நடந்து அளந்தேன், மதில் வழியாக 220 மீட்டர் வருகிறது. வாயுவின் அளவைத்தான் இதுவரை யாரும் குறித்து வைக்கவில்லை. நிலையத்தின் மேலாளரிடம் பேசினேன். எரிக்கும் குழாயில் ஓர் அளவுமானி பொருத்த ஒப்புக்கொண்டிருக்கிறார். ஹைட்ரஜன் சல்பைடு அளக்கும் கருவியும் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். ஒரு மாத அளவுகள் கையில் வந்ததும் இதே இடத்தில் பதிவிடுகிறேன், ஐயா.